வராத பாம்பை விரட்டும் வித்தை

சென்னைக்கு மேற்கே குடியிருக்கும் எங்களுக்கு ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூவிருந்தவல்லியை அடுத்துச் செம்பரம்பாக்கம் ஏரி. இந்த ஏரிகளின் கரையிலும், ஒரு காலத்தில் இவற்றின் தண்ணீரால் நெல் விளைந்த வயல்களின் மேலும் வீடு கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். ஆகவே ஐப்பசி மழை தொடங்கியதும் அந்த நிலத்தின் பழைய குடிகள் எங்களைப் பார்க்க வருவார்கள். எலி வரும், பெருச்சாளி வரும், தண்ணீர்ப் பாம்பும் சாரையும் வரும், எப்போதாவது நல்ல பாம்பும் வரும். கொசுவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அது ஆண்டு முழுவதும் வாடகை தராமல் குடியிருப்பது.

இவை வரும் அதே பருவத்தில் விளம்பரங்களும் வருகின்றன. 'எலியா? பல்லியா? கரப்பானா? கொசுவா? ஒரே கருவி, ஒரே விநாடி, எல்லாம் ஓட்டம்!' படத்தில் ஓர் எலி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு ஓடும். அதன் பின்னால் கரப்பான் பூச்சி ஒன்று பெட்டி படுக்கையுடன் கிளம்பும். கரப்பானுக்குக் காது இல்லை என்பதை அந்தப் படம் வரைந்தவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

நானும் ஒரு கருவி வாங்கினேன். இயற்பியல் ஆசிரியன் இப்படிச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டு எலி, மாணவர்களின் விடைத்தாள் கட்டு ஒன்றை ஓரம் ஓரமாகத் திருத்தத் தொடங்கியிருந்தது. கடைக்காரரிடம், 'இது வேலை செய்யுமா?' என்றேன். 'சார், இது சயன்ஸ் சார்!' என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்க முடியும்? கருவியைச் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் மூன்று இரவுகள் எலியின் அரவமே இல்லை. நானே வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் சிறிது சத்தம் கேட்டது. பத்தாம் நாள் காலையில் பார்த்தால், கருவிக்கு நேர் கீழே இருந்த பருப்பு டப்பாவின் மூடி கடிக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்துக்குச் சிவப்பு விளக்கு வசதியாக இருந்திருக்கும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான், வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். அதை உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை.

காதுக்கு எட்டாத ஒலி

இக்கருவிகளில் பெரும்பாலானவை மீயொலி எழுப்புபவை. நம் காது, நொடிக்கு 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை உள்ள ஒலியைக் கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. எலியோ ஏறத்தாழ 80,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே 'நமக்குக் கேட்காது, எலிக்குக் கேட்கும்' என்ற வரி உண்மைதான். நல்ல விளம்பரத்தின் இலக்கணமே இது. முதல் வரி உண்மையாக இருக்கும்; அதன் தோளைப் பிடித்துக்கொண்டு மற்ற வரிகள் உள்ளே நுழைந்துவிடும்.

இரண்டாவது வரி: 'வளர்ப்புப் பிராணிகளுக்குத் தொல்லை இல்லை.' நாய் ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பூனை 60,000-ஐயும் தாண்டும். எலிக்குத் தாங்க முடியாத ஒலி பூனைக்கு மட்டும் தாலாட்டாக இருக்குமா? எலியைப் பிடிக்க வேண்டிய பூனைதான் முதலில் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்!

மூன்றாவது வரி: '2,000 சதுர அடி வீடு முழுவதும்.' இங்கேதான் பள்ளிப் புத்தகமே சாட்சிக்கு வருகிறது. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். 40,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளத்தைக் கணக்கிடுங்கள்: 8.5 மில்லிமீட்டர். சிற்றலை நீளமுள்ள ஒலி, ஒளியைப் போல ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். வழியில் அரிசி மூட்டை இருந்தால் அதன் பின்னால் 'ஒலி நிழல்' விழும். எலி எங்கே இருக்கும்? மூட்டைக்குப் பின்னால்தான்.

அடுத்தது தொலைவு. கருவியிலிருந்து 1 மீட்டரில் உள்ள ஒலிச்செறிவைவிட 8 மீட்டரில் உள்ள செறிவு, எதிர்விகித வர்க்க விதிப்படி 64-இல் ஒரு பங்குதான். இதற்கு மேல், காற்று மீயொலியை உறிஞ்சவும் செய்கிறது. 40,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒவ்வொரு மீட்டருக்கும் 1 டெசிபெல்லுக்கு மேல் இழப்பு. இரண்டையும் சேர்த்தால் எஞ்சுவது சில நூறில் ஒரு பங்கு. நடுவே செங்கல் சுவர் இருந்தாலோ, மறுபுறம் ஆயிரத்தில் ஒரு பங்குகூடச் செல்லாது. கூடத்தில் செருகிய கருவி சமையலறை எலியை விரட்டுவதும், அம்பத்தூரில் ஏற்றிய விளக்கில் ஆவடியில் படிப்பதும் ஒன்றே.

இதை உணர்ந்த சில உற்பத்தியாளர்கள் புதிய சொல் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்: 'கருவி உங்கள் வீட்டு மின்கம்பிகள் வழியாக மின்காந்த அலை அனுப்பி, சுவருக்குள் இருக்கும் எலியையும் விரட்டும்.' நம் வீட்டுக் கம்பிகளில் நொடிக்கு 50 சுற்றுள்ள மாறுமின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதைச் சுற்றி மின்காந்தப் புலமும் இருக்கிறது. எலி அதற்கு அஞ்சி ஓடுகிறதா? அந்தக் கம்பியைத்தான் கடிக்கிறது.

எலியின் உலகிலேயே மீயொலி சாதாரண விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆபத்தின்போது எலிகள் 22,000 ஹெர்ட்ஸ் அளவில் ஓலமிடும். விளையாடும்போது எழுப்புவது 50,000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சொலி. 1990-களின் இறுதியில் யாக் பாங்செப் என்ற அறிஞர் எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டி, அவை இந்த ஒலியை எழுப்புவதைப் பதிவு செய்தார். எலியின் சிரிப்பு என்றே அதை அவர் கருதினார். எந்த அதிர்வெண் என்று அட்டையில் அச்சிடாத கருவியை வாங்குபவர், எலிக்கு நகைச்சுவை நிகழ்ச்சி ஒலிபரப்புகிறாரோ என்னவோ!

அப்படியானால் என் வீட்டில் முதல் மூன்று நாள் எலி வராதது ஏன்? எலி புதியதைக் கண்டு தயங்கும் பிராணி. புதிய ஒலி, புதிய பெட்டி, புதிய விளக்கு எதுவானாலும் சில நாள் ஒதுங்கி நிற்கும். பிறகு அதனால் கேடில்லை என்று கண்டுகொண்டால் பழகிவிடும். அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் 2001-ஆம் ஆண்டில் இத்தகைய கருவிகளைச் செய்வோரும் விற்போருமாக 60-க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. எலியிடம் காணும் விளைவு தற்காலிகமானது, மீயொலி பொருள்களை ஊடுருவாது, பூச்சிகளைக் கட்டுப்படுத்தாது என்று அந்த ஆணையம் அப்போதே சுட்டிக் காட்டியது. நம் ஊர்க் கடைகளுக்கு அந்தக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை.

கொசுவும் தட்டானும்

மீயொலியால் கொசுவை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகளும், கைப்பேசிச் செயலிகளும் உள்ளன. அவற்றின் விளக்கம் சுவையானது: 'இது கொசுவைத் தின்னும் தட்டானின் சிறகொலியைப் போன்றது.' தட்டான் நொடிக்கு 30 முறை அளவில்தான் சிறகடிக்கும். முப்பது எங்கே, இருபதாயிரம் எங்கே! அப்படி ஒரு தட்டான் சிறகடித்தால் கொசு ஓடாது, தட்டான்தான் சுக்குநூறாகும்.

கொசுவுக்குக் கேட்கும் ஆற்றல் உண்டு. பெண் கொசுவின் சிறகு நொடிக்கு ஏறத்தாழ 400 முதல் 600 முறை அடிக்கும். அந்த ரீங்காரத்தை ஆண் கொசு தன் உணர்கொம்பின் அடியிலுள்ள ஜான்ஸ்டன் உறுப்பால் உணர்ந்து துணையைத் தேடிச் செல்லும். ஆனால் அதன் செவிப்புலன் சில நூறு ஹெர்ட்ஸ்களைச் சுற்றியே அமைந்தது. மீயொலி அதற்குப் பொருளற்றது.

2007-இல் எனயாத்தி, ஹெமிங்வே, கார்னர் ஆகிய மூவர், மின்னணுக் கொசுவிரட்டிகளைப் பற்றி நடந்த 10 களச் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். கருவிகளால் எந்தப் பயனும் இல்லை என்பது முடிவு. 20 ஒப்பீடுகளில் 12-இல், கருவி இயங்கிய இடத்தில்தான் கொசுக்கள் சற்று அதிகமாக வந்து அமர்ந்தன. இதைக் கொண்டு 'கருவி கொசுவை அழைக்கிறது' என்று நாம் சொல்லக்கூடாது. அது நாமும் விளம்பரக்காரர்களைப் போல வாதிடுவதாகும். விரட்டுவதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

வாசலில் நீலப் புட்டி

விற்பவர்களை மட்டும் குறை கூறினால் நியாயமாகாது. எங்கள் தெருவில் நடந்து பாருங்கள். கேட்டுக்குக் கேட்டு, துணிக்குப் போடும் நீலம் கலந்த தண்ணீர்ப் புட்டி தொங்கும். அதைக் கண்டால் தெருநாய் வாசலில் அசுத்தம் செய்யாது என்பது நம்பிக்கை. இதற்கு விளம்பரம் இல்லை, விற்பனையாளர் இல்லை. ஒரு வீட்டைப் பார்த்து மறு வீடு தொங்கவிட்டது. ஜப்பானில் இதே போலப் பூனைக்காக வாசலில் தண்ணீர்ப் புட்டி வைக்கும் வழக்கம் உண்டு.

நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும்தான் குழப்பம். ஆகவே நாய் அந்தப் புட்டியை நன்றாகவே பார்க்கிறது. ஆனால் பார்ப்பது வேறு, அஞ்சுவது வேறு. எங்கள் தெருவில் ஒரு நாய் அந்தப் புட்டியின் அடியிலேயே நண்பகல் உறக்கம் கொள்வதை நான் நாள்தோறும் காண்கிறேன்.

காக்கையும் பனம்பழமும்

இத்தனை பேர் ஏன் நம்புகிறோம்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. பழம் விழும் நேரத்தில் காக்கை உட்கார்ந்தது. புகழ் காக்கைக்குப் போயிற்று.

எலியின் தொல்லை எப்போது நமக்குப் பொறுக்க முடியாததாகிறதோ அப்போதுதான் நாம் கருவி வாங்குகிறோம். அதாவது தொல்லை உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் இறக்கம்தான். மழை நின்றுவிடும், வளையில் தண்ணீர் வடியும், எலி தானே திரும்பிப் போகும். கருவி சுவரில் இருக்கும், புகழ் அதற்கு. எலி போகாவிட்டாலோ, 'இரண்டு கருவி வாங்கியிருக்க வேண்டும்' என்று அட்டையில் போட்டிருக்கிறது.

பாம்பின் விஷயத்தில் இது இன்னும் எளிது. ஒரு வீட்டுக்குள் பாம்பு வருவது எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை? தூள் தூவினாலும் தூவாவிட்டாலும் பெரும்பாலான நாட்களில் பாம்பு வரப்போவதில்லை. வராத பாம்பை விரட்டுவது உலகிலேயே எளிய தொழில். நான் பத்து ஆண்டுகளாக அம்பத்தூரில் ஒட்டகச்சிவிங்கிகளை விரட்டி வருகிறேன். ஒன்றாவது வந்ததுண்டா?

சிரிப்பு நிற்கும் இடம்

எலி கடித்தால் விடைத்தாள் போகும். பாம்பு கடித்தால் உயிர் போகும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000. ஆகவே பாம்பு விரட்டி என்ற பெயரில் விற்கப்படும் பொருளை நாம் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும்.

தரையில் நட்டால் சூரிய ஒளியில் இயங்கி, விட்டு விட்டு அதிரும் முளைக்குச்சி ஒன்று விற்கிறது. பாம்புக்கு வெளிக்காது இல்லை. தாடை எலும்பின் வழியே நில அதிர்வை நன்கு உணரும். இதுவரை விளம்பரம் சரி. ஆனால் அதிர்வை உணரும் பிராணி, அதிர்வு உள்ள இடத்தையெல்லாம் விட்டு ஓடுமா? சென்னை–அரக்கோணம் தண்டவாளம் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகிறது. மின்தொடர் வண்டிகளும் சரக்கு வண்டிகளும் இரவு பகலாக நிலத்தை உலுக்குகின்றன. தொழிற்பேட்டைச் சாலையில் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. அதிர்வால் பாம்பு ஓடுமானால் எங்கள் ஊர்களில் பாம்பே இருக்கக்கூடாது. தண்டவாளத்து ஓரப் புதரிலேயே சாரை இருக்கிறது.

அடுத்தது மணத்தால் விரட்டுவது: அந்துருண்டை, கந்தகம், பூண்டு, பினாயில், வேலியோரம் சிறியாநங்கை. பாம்பு நாக்கை நீட்டி மணத்தை உணரும் என்பது உண்மை. ஆனால் 1980-களிலும் 1990-களிலும் அமெரிக்காவில் நாப்தலின், கந்தகம் கலந்த விரட்டிகளைப் பாம்புகளின் வழியில் இட்டுச் சோதித்தபோது, அவை தாண்டிச் சென்றன. அந்துருண்டையோ குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் நஞ்சு. சில பரம்பரைக் குறையுள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். பாம்பு தாண்டிப் போகும் பொருளைக் குழந்தை எடுத்துத் தின்னும் இடத்தில் வைக்கிறோம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு மழைக்கும் வீட்டைச் சுற்றித் தூள் போடுவார். முன்பெல்லாம் இரவில் கேட்டைப் பூட்ட வரும்போது கையில் டார்ச் இருக்கும். ஒரு நாள் இருட்டில் வெறுங்காலுடன் வந்தார். 'ஐயா, டார்ச் எங்கே?' என்றேன். 'பவுடர் போட்டிருக்கே தம்பி, இனி என்ன பயம்?' என்றார். அந்த வாரமே அவர் வீட்டுச் செருப்பு அலமாரியின் பின்னால் பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. நல்ல வேளையாக அது நஞ்சற்ற தண்ணீர்ப் பாம்பு.

வாசகர்களே, இந்த வணிகத்தில் நாம் இழப்பது சில நூறு ரூபாய் என்று நினைத்தால் அது தவறு. தூள் பாம்பை விரட்டவில்லை, டார்ச்சை விரட்டிவிட்டது. பயனற்ற பாதுகாப்பின் கேடு, அது பயனுள்ள பாதுகாப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்வதே.

உண்மையான விரட்டிகள்

எல்லா விரட்டியும் பொய் என்று நான் சொல்லவில்லை. 1940-களில் அமெரிக்க வேளாண் துறையினர் கண்டுபிடித்த 'டீட்' என்ற வேதிப்பொருளைத் தோலில் பூசினால் கொசு கடிப்பது குறைகிறது. மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்ட உண்மை இது. வடகிழக்கு எல்லை ரயில்வே 2017-இல் தண்டவாளக் கடப்புகளில் தேனீக்களின் ரீங்காரத்தை ஒலிபரப்பி யானைகளை விலக்க முயன்றது. தேனீ உண்மையிலேயே யானையின் துதிக்கையில் கொட்டக்கூடியது. அதனால் அந்த ஒலிக்கு யானையின் மனத்தில் ஒரு பொருள் உண்டு.

நம் முன்னோர்களும் இதை அறிந்திருந்தார்கள். தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டு குறிப்பிடுகிறது. ஆனால் கருவியை மட்டும் வைத்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போய்விடவில்லை. பரண்மேல் ஆள் இருந்தது; கையில் கவண் இருந்தது; கல் சில சமயம் மெய்யாகவே வந்து விழுந்தது. கொல்லைப் பொம்மையை மட்டும் நட்டுவிட்டால், சில நாளில் அதன் தலையிலேயே காக்கை உட்காரும். தில்லியில் 2023-இல் ஜி-20 மாநாட்டின்போது குரங்குகளை அஞ்சவைக்க முசுக்குரங்கின் அட்டை உருவங்களை நிறுத்தினார்கள். அவற்றோடு முசுவைப் போலக் குரல் கொடுக்க ஆட்களையும் அமர்த்தினார்கள். அட்டையை மட்டும் நம்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நீங்களே சோதியுங்கள்

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் ஒரு கருவி இருந்தால் தூக்கி எறியாதீர்கள். அது நல்ல ஆய்வுப் பொருள். எலி நடமாடும் இடத்தில் தரையில் கல் கோலமாவை மெல்லிதாகத் தூவுங்கள். அரிசி மாவு வேண்டாம், அது விருந்தாகிவிடும். ஒவ்வொரு மாலையும் காசைச் சுண்டி, தலை விழுந்தால் கருவியை இயக்குங்கள், பூ விழுந்தால் நிறுத்துங்கள். அதன் விளக்கைத் துணியால் மறைத்துவிடுங்கள். காலையில் கால்தடங்களை எண்ணுபவர், கருவி இயங்கியதா இல்லையா என்று அறியாத வேறொருவராக இருக்கட்டும். நான்கு வாரம் இப்படிச் செய்து, இரண்டு வகை இரவுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். எண்ணி முடித்ததும் தரையையும் கையையும் நன்றாகக் கழுவுங்கள். எலியின் சிறுநீரால் நோய் பரவும்.

இதில் முக்கியமானது கருவி நிறுத்தப்பட்ட இரவுகள்தாம். எந்த விளம்பரமும் நமக்குக் காட்டாதவை அவை. 'கருவி வைத்தேன், எலி இல்லை' என்ற சான்றிதழைப் படிக்கும்போதெல்லாம், 'வைக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்று கேளுங்கள். அறிவியல் என்பது பெரும்பகுதி இந்த ஒரு கேள்விதான்.

பொய் விளம்பரத்துக்குச் சட்டமும் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான வழியில் செலுத்தும் விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். புகார் செய்ய 1915 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

அந்தக் காசில் என்ன செய்யலாம்? கதவின் அடி இடைவெளிக்கு ரப்பர் பட்டை, சாக்கடைத் துளைக்குக் கம்பி வலை, குப்பைத் தொட்டிக்கு மூடி. எலி இல்லாவிட்டால் அதைத் தேடிவரும் பாம்பும் குறையும். இரவில் டார்ச், காலில் செருப்பு. தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொண்டு படுக்க வேண்டும். உறங்குபவரைக் கடிப்பதில் பெயர்பெற்ற கட்டுவிரியனுக்கு அதுவே தடை. நேபாளத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது. கடித்துவிட்டால் கட்டுப்போடவும் கீறவும் வேண்டாம். 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவதே வழி. அங்கே தரப்படும் நச்சுமுறி மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருபவர்கள் நம் இருளர் மக்கள். வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பை நன்கறிந்த அந்த மக்கள் தடம் பார்த்து நடக்கிறார்கள். தூள் தூவி நடப்பதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இந்த மழைக்கு நான் ஒரு டார்ச்சும், கதவுக்கு ஒரு ரப்பர் பட்டையும் வாங்கிக் கொடுத்தேன். 'இதுக்கு விளம்பரமே வரலியே தம்பி, நல்லதுதானா?' என்று கேட்டார்.